செக்மென்ட் தப்பாக வருகிறதா? ஒரு ஆளைப் பின்தொடர்ந்து பிழையைப் பிடிக்கும் முழு வழிகாட்டி

"செக்மென்ட் தப்பா வருது, கொஞ்சம் பாருங்க." சி.டி.பி. எனப்படும் வாடிக்கையாளர் தரவுத் தளத்தைக் கவனித்துக்கொள்பவருக்கு அடிக்கடி வரும் மெசேஜ் இது. செக்மென்ட் என்பது, நாம் எழுதும் ஒரு விதிக்குப் பொருந்தும் வாடிக்கையாளர்களின் பட்டியல். புதிதாக வேலைக்கு வந்தவர் உடனே செக்மென்ட்டைத் திறந்து விதியை மாற்ற ஆரம்பிப்பார். எண்ணிக்கை மாறும். ஆனால் சரியாகிவிட்டதா, இல்லை வேறு விதமாகத் தப்பாகிவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்தவரை விதியில் கோளாறு இருப்பது குறைவு. அதற்கு முன்னால், ஆளை அடையாளம் காணும் இடத்தில் இருக்கும். இல்லையென்றால் அதற்குப் பின்னால், பட்டியலை வெளியே அனுப்பும் இடத்தில் இருக்கும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கடையும் ஆன்லைனும் சேர்ந்த ஒரு துணி வியாபாரம். கடையில் பில் போடும் மென்பொருள், வெப்சைட், மொபைல் ஆப் என்று மூன்று பக்கமிருந்தும் தரவு தளத்துக்கு வருகிறது. அங்கிருந்து எஸ்.எம்.எஸ்., மெயில், கூகுள், மெட்டா விளம்பரங்களுக்குப் போகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. நாம் செக்மென்ட் என்று சொல்வதைப் பல தளங்கள் ஆடியன்ஸ் என்கின்றன. சி.டி.பி. விற்கும் அடோபியின் பழைய ஆவணங்களில் செக்மென்ட் என்று இருந்ததுதான் இப்போது ஆடியன்ஸ். இன்னொரு நிறுவனமான ட்விலியோவிலோ தளத்தின் பெயரே செக்மென்ட். அதற்குள் இருப்பது ஆடியன்ஸ். உதவிப் பக்கங்களில் தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தனிநபர் ப்ரொஃபைலை, அதாவது ஒரு வாடிக்கையாளரைப் பற்றித் தளம் சேர்த்துவைத்திருக்கும் பதிவை, திறந்து பார்க்கும் அனுமதி. பல இடங்களில் போன் நம்பரையும் மெயிலையும் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் நம்பரின் வடிவத்தைப் பார்க்காமல் அடையாளக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. முழு நம்பரையும் காட்டிப் பேசக்கூடிய ஒருவரையாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும் ஈவென்ட்டை (வாங்கினார், ஆப்பைத் திறந்தார் போன்ற ஒவ்வொரு நிகழ்வின் பதிவு) திருத்தாத வடிவில் பார்க்கும் திரை. மூலத் தரவு மொத்தமும் சேமிக்கப்படும் டேட்டா வேர்ஹவுஸில் கேள்வி எழுப்பும் வசதி, அல்லது எழுப்பித் தரும் நண்பர். விளம்பரக் கணக்குகளையும் மெயில் கருவியையும் பார்வைக்கு மட்டுமாவது திறக்கும் லாகின்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒவ்வொரு கருவியும் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்: பில்லிங், சி.டி.பி., வேர்ஹவுஸ், விளம்பரக் கணக்கு. இதை முதலிலேயே எழுதிவைக்காதவர்கள் ஆறாம் படியில் வந்து தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

## 1. புகாரை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

எந்த எண், எந்த எண்ணோடு ஒப்பிட்டு, எந்த நேரத்தில் தப்பு? இந்த மூன்றும் இல்லாத புகாரை ஆராயத் தொடங்காதீர்கள். "30 நாளில் வாங்கியவர்கள் என்ற செக்மென்ட்டில் 41,000 பேர்தான் இருக்கிறார்கள், பில்லிங் ரிப்போர்ட்டில் 58,000 இருக்கிறது" என்று எழுதியதுமே ஒரு கேள்வி வரும்: அந்த 58,000 ஆட்களா, பில்களா? ஒரே அம்மா ஒரே வாரத்தில் மூன்று பில் போட்டிருப்பார். கணிசமான புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, எந்தத் திரையில் இருந்த எண் என்று கேளுங்கள். விதியை எழுதும்போதே பக்கத்தில் ஒரு எண்ணைப் பல தளங்கள் காட்டும். அடோபியில் அது ஒரு மாதிரித் தொகுப்பை வைத்துப் போடும் மதிப்பீடு. முழுக் கணக்கு ஓடி முடிந்தபின் வரும் எண் வேறு. மதிப்பீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் எண் மாறிவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு.

புகார் எழுதியானதும் அது நான்கில் எந்த வகை என்று பாருங்கள். ஆள் குறைகிறதா, கூடுகிறதா, எண்ணிக்கை சரியாக இருந்தும் தப்பான ஆட்கள் இருக்கிறார்களா, அல்லது செக்மென்ட் சரியாக இருந்து வெளியே போய்ச் சேரவில்லையா? கடைசி வகை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நேராக ஏழாம் படிக்குப் போகலாம். மற்ற மூன்றுக்கும் இரண்டாம் படி கட்டாயம்.

## 2. எண்ணிக்கையை விடுங்கள், ஒரு ஆளைப் பிடியுங்கள்

41,000 என்ற எண்ணை எவ்வளவு நேரம் முறைத்தாலும் அது ஒன்றும் சொல்லாது. ஒரு ஆள் சொல்வார். புகார் கொடுத்தவரிடமே கேளுங்கள்: "இந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய, ஆனால் இல்லாத ஒருவரைக் காட்டுங்கள்." பில் நம்பர் கிடைத்தால் போதும்.

மொத்தம் மூன்று பேர் வேண்டும். கண்டிப்பாக உள்ளே இருக்க வேண்டிய ஒருவர், கண்டிப்பாக வெளியே இருக்க வேண்டிய ஒருவர், எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவர். 30 நாள் விதி என்றால் சரியாக 30ஆம் நாள் வாங்கியவர்தான் எல்லைக்கோட்டு ஆள். முதல் இருவரும் பெரிய ஓட்டைகளைக் காட்டுவார்கள். நேரம், எண்ணை முழுமையாக்குதல் (ரவுண்டிங்) போன்ற நுண்ணிய கோளாறுகளைக் காட்டுவது மூன்றாமவர்தான்.

உங்கள் ஆபீஸ் ஆட்களையோ உங்களையோ சோதனை ஆளாக எடுக்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. ஊழியர்களின் மெயில் முகவரிகளை விலக்கும் வடிகட்டி எங்கேயாவது ஒளிந்திருக்கும். நீங்கள் செக்மென்ட்டில் இல்லாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். நீங்களோ இரண்டு நாள் விதியைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆளைப் பிடித்தபின் அவருடைய பாதையை வரிசையாகப் பாருங்கள்: ஈவென்ட் வந்ததா, யாருடைய ப்ரொஃபைலில் ஒட்டியது, விதிக்குப் பொருந்தியதா, கணக்கு எப்போது ஓடியது, வெளியே போனதா. ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த இடத்தில் காணாமல் போகிறாரோ, கீழே உள்ள படிகளில் அதுதான் உங்களுடையது.

## 3. ஈவென்ட் வந்ததா, எந்த வடிவில் வந்தது?

முதலில் பெயரைப் பாருங்கள். ஆர்டர் முடிந்தது என்ற ஒரே செய்தியை வெப்சைட் குழு பெரிய எழுத்தில் தொடங்கி இடைவெளி விட்டு அனுப்பும். ஆப் குழு சின்ன எழுத்தில், நடுவே அடிக்கோடு போட்டு அனுப்பும். மனிதருக்கு இரண்டும் ஒன்று, தளத்துக்கு இரண்டு தனித்தனி ஈவென்ட். விதியில் ஒன்றை மட்டும் சேர்த்திருந்தால் ஆப் வாடிக்கையாளர்கள் மொத்தமாக விழுந்துவிடுவார்கள். ஆப்பின் புதிய வெர்ஷன் வெளியான நாளிலிருந்து எண்ணிக்கை சரிகிறது என்றால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

அடுத்து தொகை. இதில் மூன்று விதமான குழி உண்டு. ஒன்று, எண்ணாக வர வேண்டியது எழுத்தாக வருவது. எழுத்தாக ஒப்பிட்டால் 900 என்பது 5000ஐவிடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்தான 9, 5ஐவிடப் பெரியது. இரண்டு, பைசா. ரேஸர்பே போன்ற பேமென்ட் தளங்களின் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தங்களுக்குள் தரவு பரிமாறும் வழி) தொகையைப் பைசாவில்தான் தரும். 500 ரூபாய் என்பது 50000 என்று வரும். அதை 100ஆல் வகுக்காமல் அப்படியே அனுப்பினால், கைக்குட்டை வாங்கியவரும் பெரும்புள்ளி செக்மென்ட்டில் ஏறிவிடுவார். மூன்று, நம் ஊர்க் கமா. 1,25,000 என்று கமாவோடு வந்தால் சில தளங்கள் அதை எண்ணாகவே ஏற்காது.

கேஷ் ஆன் டெலிவரியையும் மறக்காதீர்கள். ஆர்டர் போட்டவுடன் ஈவென்ட் வந்துவிடும். வீட்டு வாசலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதற்கு ஈவென்ட் வருகிறதா? வராவிட்டால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காத ஒருவர் உங்கள் அதிக மதிப்பு வாடிக்கையாளராக உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக நேர முத்திரை. போனில் நெட் இல்லாதபோது நடந்ததை ஆப் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். போனின் கடிகாரமே தப்பாக இருக்கவும் கூடும். ட்விலியோ செக்மென்ட் இதைத் தானே சரிசெய்யப் பார்க்கும்: நிகழ்ந்ததற்கும் போனிலிருந்து கிளம்பியதற்கும் உள்ள இடைவெளியை, வந்துசேர்ந்த நேரத்திலிருந்து கழிக்கும். நீங்களே சொந்தமாக எழுதிய இணைப்பில் இந்த வேலையை யாரும் செய்யமாட்டார்கள். 1970ஆம் ஆண்டு வாங்கியதாக ஒரு ஈவென்ட்டைப் பார்த்தால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நேரம் காலியாகவோ பூஜ்ஜியமாகவோ வந்திருக்கிறது என்று அர்த்தம்.

## 4. ஆள் ஒருவரா, இருவரா, இருநூறு பேரா?

எனக்கு மிக அதிக நேரத்தைத் தின்ற படி இதுதான். அடையாளக் கோளாறு இரண்டு விதம். ஒரே ஆள் பலராக உடைந்திருப்பது ஒன்று, பலர் ஒரே ஆளாக ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. உடைந்திருந்தால் செக்மென்ட்டில் சிலர் இரட்டிப்பார்கள், சிலர் விதியை எட்டாமல் வெளியே நிற்பார்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் தப்பான ஆட்கள் உள்ளே வருவார்கள்.

உடைவதற்கு முதல் காரணம் போன் நம்பரின் வடிவம். கடையில் 10 இலக்கம். வெப்சைட்டில் முன்னால் +91. பழைய பட்டியலில் முன்னால் 0. ஆப்பில் நடுவே இடைவெளி. நான்கும் ஒரே ஆள், தளத்துக்கு நான்கு பேர். தீர்வு எளிது: தளத்துக்குள் நுழையும் முன்பே எல்லாவற்றையும் +91ம் 10 இலக்கமும் கொண்ட ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். இந்திய மொபைல் நம்பர் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதையும் ஒரு சோதனையாக வையுங்கள். நுழைந்தபின் மாற்றுவது வேலைக்காகாது, ஏனென்றால் ப்ரொஃபைல்கள் அதற்குள் பிரிந்து உருவாகிவிட்டிருக்கும்.

எக்செல் இங்கே தனிக் கதை. 91ஓடு சேர்ந்த 12 இலக்க நம்பரைத் திறந்தால், எக்செல் அதைச் சுருக்கி அறிவியல் குறியீட்டில் காட்டும். அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. பல நம்பர்கள் ஒன்றுபோல ஆகிவிடும். அந்த ஃபைலைத் தளத்தில் ஏற்றினால் ஆயிரம் பேர் ஒருவராக ஒட்டிக்கொள்வார்கள். நம்பர் பத்தியை டெக்ஸ்ட் என்று அமைத்துவிட்டு இறக்குமதி செய்யுங்கள். சும்மா இரட்டைக் கிளிக் போட்டுத் திறக்காதீர்கள்.

உடைவதற்கு இரண்டாவது காரணம் பிரவுசர். ஆப்பிளின் சஃபாரி, ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைத்த குக்கீயை (வந்தவரை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் சின்னக் குறிப்பு) 7 நாளில் அழித்துவிடும். 2019 முதல் இப்படித்தான். லாகின் செய்யாத ஒருவர் 10 நாள் கழித்து ஐபோனில் திரும்ப வந்தால் அவர் புது ஆள். முதல்முறை வருபவர்கள் என்ற செக்மென்ட் ஊதிப்பெருத்திருந்தால், பிரவுசர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். சஃபாரியில் மட்டும் வீக்கம் என்றால் அது கோளாறு இல்லை, அதோடு வாழப் பழக வேண்டியதுதான். அந்தச் செக்மென்ட்டை லாகின் செய்தவர்களோடு மட்டும் நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி ஒட்டிக்கொள்ளும் வகை. வாடிக்கையாளர் நம்பர் தர மறுத்தால் பில் போடும் தம்பி என்ன செய்வார்? பத்து 9 அடிப்பார். இல்லையென்றால் தன் நம்பரையோ மேனேஜர் நம்பரையோ அடிப்பார். வரிசை நகர வேண்டுமே. இதனால் ஒரே ப்ரொஃபைலில் சில ஆயிரம் பில், ஐந்து ஊர், வேட்டியும் குழந்தை கவுனும் கலந்து கிடக்கும். இதைப் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அதிக பில்கள் கொண்ட முதல் 50 ப்ரொஃபைல்களைக் காட்டு. மாதம் ஒருமுறை இதை ஓட்டுங்கள். அங்கே தெரியும் நம்பர்களை அடையாளமாக ஏற்கக் கூடாத மதிப்புகளின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது.

குடும்ப நம்பர் இதைவிடச் சங்கடமானது. அப்பா நம்பரில்தான் அம்மாவும் மகளும் பில் போடுவார்கள். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. போன் நம்பரை வீட்டு அடையாளமாகவும், மெயிலையோ லாகினையோ தனிநபர் அடையாளமாகவும் முன்னுரிமை வரிசையில் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தடைப்பட்டியலில் சேர்ப்பது இனிமேல் வருவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதைப் பொதுவாகப் பிரிக்காது. அந்த ப்ரொஃபைலை நீக்கிவிட்டு, மூலத் தரவைத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். மூலத் தரவு வேர்ஹவுஸில் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் நீக்கும் பட்டனை அழுத்தாதீர்கள்.

## 5. இப்போது விதியைத் திறக்கலாம்

ஆளின் ஈவென்ட் சரி, ப்ரொஃபைலும் சரி. இருந்தும் அவர் செக்மென்ட்டில் இல்லை. இப்போதுதான் விதியைப் பார்க்கும் நேரம். அதை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே பாதிக் கோளாறு காதில் விழும்.

"30 நாளாக வாங்காதவர்கள்" என்று மார்க்கெட்டிங் கேட்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது முன்பு வாங்கி இப்போது நின்றுபோனவர்கள். விதி சொல்வதோ, கடந்த 30 நாளில் வாங்கிய ஈவென்ட் இல்லாத எல்லோரும். அதில் ஆப்பைப் போட்டுவிட்டு ஒன்றுமே வாங்காதவரும் வருவார், நேற்று பதிவு செய்தவரும் வருவார். எப்போதாவது ஒருமுறை வாங்கியிருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையைச் சேர்க்காமல் இந்த விதி ஒருநாளும் சரியாக வராது.

அடுத்தது காலியிடம். "ஊர் சென்னை அல்ல" என்று எழுதுகிறீர்கள். ஊரே பதிவாகாதவர் உள்ளே வருவாரா? தரவில் கேள்வி எழுப்பும் மொழியான எஸ்.க்யூ.எல். பழகியவர்களுக்குத் தெரியும்: காலி மதிப்பை எதோடு ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் இராது, இல்லை என்றும் இராது, அந்த வரி உதிர்ந்துவிடும். சில தளங்களின் விதிப் பலகை இதே வழியில் போகும், சில காலியானவரை உள்ளே விட்டுவிடும். கையேட்டைப் புரட்டுவதைவிட, ஊர் காலியாக உள்ள ஒரு ஆளை வைத்துச் சோதிப்பது வேகமானது. பிறகு "ஊர் காலி அல்லது ஊர் சென்னை அல்ல" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.

ஒரே ஆர்டரா, வேறு வேறு ஆர்டரா என்பது மூன்றாவது. "பட்டுச் சேலை வாங்கியவர், 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்" என்று இரண்டு தனி நிபந்தனையாகப் போட்டால், ஜனவரியில் 800 ரூபாய்க்குப் பட்டுக் கலப்புச் சேலையும் மார்ச்சில் 6,000 ரூபாய்க்கு சூட்டும் வாங்கியவர் உள்ளே வந்துவிடுவார். ஒரே ஈவென்ட்டுக்குள் இரண்டும் பொருந்த வேண்டும் என்றால், இரண்டாவது நிபந்தனையை அந்த ஈவென்ட்டின் பெட்டிக்குள்ளேயே போட வேண்டும். திரையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிய உள்தள்ளல் மட்டுமே, கண்ணில் படாது.

"மற்றும்", "அல்லது" இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் எது முதலில் சேர்கிறது என்று தளத்தை நம்பாதீர்கள். தனிக் குழுவாகப் பிரித்துவிடுங்கள்.

ஊர்ப் பெயர் நமக்கே உரிய தலைவலி. திருச்சி, திருச்சிராப்பள்ளி, ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். தூத்துக்குடிக்கு இன்னும் பழைய ஆங்கிலப் பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. பெங்களூரு 2014இல் பெயர் மாறியும் பாதிப் பேர் பழையபடிதான் அடிக்கிறார்கள். இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. வாடிக்கையாளரே தமிழில் "கொடைக்கானல்" என்று அடித்தால், "கொ"வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறு. கோயம்புத்தூருக்கும் இதே கதி. ஊர்ப் பெயரை வைத்து விதி எழுதாமல் பின்கோடை வைத்து எழுதுவது என் வழக்கம். அதிலும் 600 004 என்று இடைவெளி விட்டு எழுதுபவர்கள் உண்டு; எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

மெயிலைத் திறந்தவர்கள் என்று ஒரு விதி இருந்தால் அதை நம்பி எதையும் செய்யாதீர்கள். 2021இல் ஐ.ஓ.எஸ். 15ஓடு ஆப்பிள் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். திறந்ததாகக் கணக்கு ஏறிவிடும். கிளிக் செய்தவர், வாங்கியவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

## 6. நேரக் கணக்கு

இப்போது அந்தத் துண்டுச் சீட்டை எடுங்கள். தளம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்றால் அதன் நாள் நமக்கு அதிகாலை 5:30க்குத்தான் தொடங்கும். நள்ளிரவுத் தள்ளுபடியில் 12 மணிக்கும் 5:30க்கும் இடையே வாங்கியவர்கள் எல்லோரும் தளத்தின் கணக்கில் முந்தைய நாள். பில்லிங் ரிப்போர்ட்டோடு எப்படிப் பொருந்தும்? எல்லைக்கோட்டு ஆள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

"கடந்த 30 நாள்" என்பதற்கும் இரண்டு பொருள் உண்டு. இந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி 720 மணி நேரமா, 30 காலண்டர் நாளா? இன்றைய நாள் சேர்த்தியா? உங்கள் தளம் எதை எடுக்கிறது என்று எல்லைக்கோட்டு ஆளை வைத்து ஒருமுறை சோதித்து, சீட்டில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், கணக்கு எப்போது ஓடுகிறது? அடோபியில் பேட்ச் முறை, அதாவது எல்லோரையும் மொத்தமாகக் கணக்கிடும் முறை, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. சேல்ஸ்ஃபோர்ஸ் டேட்டா கிளவுடில் (இப்போது டேட்டா 360) வழக்கமான வெளியீட்டை 12 அல்லது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம். காலையில் வாங்கியவர் மதியம் செக்மென்ட்டில் இல்லை என்று புகார் வந்தால், கணக்கு கடைசியாக ஓடிய நேரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஓட்டம் வரை பொறுங்கள்.

உடனுக்குடன் ஓடும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் வாங்கினால் ஈவென்ட் வரும், கணக்கு தூண்டப்படும். வாங்காமல் இருந்தால்? நடக்காத ஒன்று ஈவென்ட் அனுப்பாது. "30 நாளாக வாங்காதவர்" பட்டியலில் ஒருவர் நுழைவதற்குத் தளம் தானாகவே நேரத்தை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும், அது தன் வேகத்தில்தான் நடக்கும். ஆகவே "இல்லை" என்ற நிபந்தனை உள்ள செக்மென்ட்டை உடனடி மெசேஜுக்குக் கட்டாதீர்கள்.

புதிதாக இணைத்த சோர்ஸாக (தரவு வரும் இடம்) இருந்தால் பழைய வரலாறு உள்ளே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 15 நாளுக்கு முன் இணைத்த கடைக்கு 90 நாள் விதி எழுதினால் 15 நாள் ஆட்கள்தான் கிடைப்பார்கள்.

## 7. செக்மென்ட்டில் இருக்கிறார், வெளியே போய்ச் சேரவில்லை

செக்மென்ட்டில் 40,000 பேர், மெட்டாவில் 22,000. உடனே கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேருக்கு மெயிலோ போனோ இருக்கிறது, அதில் எத்தனை பேர் ஒப்புதல் தந்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேரின் நம்பர் அங்குள்ள கணக்கோடு பொருந்துகிறது என்று மூன்று சல்லடை உண்டு. முதல் இரண்டையும் உங்கள் பக்கமே எண்ணிவிடலாம். எண்ணிப் பார்த்து மிச்சமிருப்பது 23,000 என்றால் நீங்கள் தேடுவதற்கு ஒன்றுமில்லை. ஒப்புதல் சல்லடையைத் தளர்த்தி எண்ணிக்கையைக் கூட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் வாடிக்கையாளருக்குத் தந்திருக்கிறது.

மிச்சமிருப்பது 35,000, போய்ச் சேர்ந்தது 4,000 என்றால் ஹேஷை, அதாவது மெயிலையும் போனையும் திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றுவதை, சந்தேகப்படுங்கள். கூகுளும் மெட்டாவும் மெயிலையும் போனையும் எஸ்.ஹெச்.ஏ.-256 முறையில் உருமாற்றித்தான் பொருத்திப் பார்க்கின்றன. ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். ஆகவே மெயிலை முதலில் சின்ன எழுத்தாக்கி, முன்பின் இடைவெளியை வெட்டிவிட்டு, அதன் பிறகே ஹேஷ் செய்ய வேண்டும். வரிசை மாறக் கூடாது.

போனில் ஒரு பொறி இருக்கிறது. கூகுள் கேட்பது கூட்டல் குறியோடு சேர்ந்த 91. மெட்டா கேட்பது கூட்டல் குறி இல்லாமல் எண்கள் மட்டும். ஒரே நம்பருக்கு இரண்டு இடத்துக்கும் இரண்டு வேறு ஹேஷ். ஒரே பத்தியை ஹேஷ் செய்து இரண்டுக்கும் அனுப்பினால் ஒன்று நிச்சயமாகப் படுத்துவிடும்.

இருமுறை ஹேஷ் ஆவதும் வழக்கம்தான். வேர்ஹவுஸிலேயே ஹேஷ் செய்து அனுப்பியிருப்பார்கள், தளத்தின் இணைப்பு மறுபடி ஒருமுறை செய்யும். எப்போதும் 64 எழுத்துதான் வரும் என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் சோதனை ஆளின் மெயிலை நீங்களே ஹேஷ் செய்து, வெளியே போன மதிப்போடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வெளியேறியவர்கள் நீக்கப்படுகிறார்களா என்பதையும் பாருங்கள். சில இணைப்புகள் சேர்ப்பதை மட்டும் செய்யும். அப்படியானால் சேலை வாங்கி முடித்தவருக்கு அதே சேலை விளம்பரம் இரண்டு மாதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

## 8. திருத்தும் முறை

ஓடிக்கொண்டிருக்கும் செக்மென்ட்டைத் திருத்தாதீர்கள். நகல் எடுத்து, அதில் ஒரே ஒரு மாற்றம் செய்து, கணக்கு முழுதாக ஓடி முடியும்வரை காத்திருங்கள். பிறகு பழையதில் இருந்து புதியதில் இல்லாதவர்கள், புதியதில் இருந்து பழையதில் இல்லாதவர்கள் என்று இரண்டு பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பேரைத் திறந்து பாருங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை, தப்பாக எழுதியிருந்த விலக்கு விதி ஒன்றை நேரடியாகவே சரிசெய்தேன். திருத்தம் சரிதான். ஆனால் அந்தச் செக்மென்ட்டின் வாலில், புதிதாக நுழைபவருக்கு மெசேஜ் அனுப்பும் ஒரு ஜர்னி (தானாக ஓடும் மெசேஜ் வரிசை) கட்டியிருந்தது. விதி மாறியதால் பழைய வாடிக்கையாளர்கள் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் "புதிதாக நுழைந்தார்கள்". வருடக்கணக்காக வருபவர்களுக்கெல்லாம் முதல் பர்ச்சேஸ் தள்ளுபடி கூப்பன் போய்விட்டது. மறுநாள் கடைகளில் போனை நீட்டிக் கேட்டார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆகவே திருத்தும் முன் அந்தச் செக்மென்ட்டை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள்: ஜர்னி, விளம்பரம், அதை உள்ளே வைத்துக் கட்டிய வேறு செக்மென்ட்டுகள். மெசேஜ் அனுப்பும் ஜர்னிகளை நிறுத்திவையுங்கள். நகலை மாற்றி வைத்தபின், முதல் முழுக் கணக்கில் நுழைபவர்கள் ஜர்னிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, அதன் பிறகே திறந்துவிடுங்கள். பழைய செக்மென்ட்டை அன்றே அழிக்காதீர்கள். பெயருக்கு முன்னால் "பழையது" என்றும் தேதியும் போட்டு ஒரு மாதமாவது வையுங்கள்.

## 9. மறுநாள் பார்க்க வேண்டியது

அந்த மூன்று பேரையும் மறுநாள், கணக்கு ஒருமுறை தானாக ஓடியபின், திரும்பத் திறந்து பாருங்கள். திருத்திய அன்று சரியாக இருந்து மறுநாள் இரவு பேட்ச் ஓடியதும் பழைய நிலைக்குத் திரும்பியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் காரணம் ஒன்றே: பழைய ஃபைலைத் தினமும் ஏற்றும் ஒரு வேலையை யாரும் நிறுத்தவில்லை.

எண்ணிக்கை ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ மெயில் வரும்படி எச்சரிக்கை வையுங்கள். தீபாவளி வாரத்தில் அது சும்மா அலறும். அந்த வாரம் மட்டும் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். செக்மென்ட்டின் விளக்கப் பெட்டியில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: தமிழில் விதி என்ன, காலியாக இருப்பவர்கள் உள்ளேயா வெளியேயா, நாள் கணக்கு எந்த நேர மண்டலத்தில். சோதனை ஆட்கள் மூவரின் பில் நம்பரை மட்டும், பெயரும் போனும் இல்லாமல், அதன் கீழே போடுங்கள்.